பன்னிரண்டு வோல்ட்

அம்மா எந்தத் தொகையையும் பவுனாக மாற்றித்தான் புரிந்துகொள்வார். தம்பியின் மோட்டார் இத்தனை பவுன், அவனுடைய பாலிடெக்னிக் கட்டணம் இத்தனை பவுன். 2022 கடைசியில், போனஸில் 3,500 வெள்ளியை எடுத்து ஒரு கணினி வாங்கப்போகிறேன் என்று நான் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஒன்றரைப் பவுன்" என்றார் பிறகு.

"சரிம்மா."

"வேலைக்கா? அதான் கம்பெனியில ஒண்ணு கொடுத்திருக்காங்களே."

"வேலைக்கு இல்ல. கேம் விளையாட."

"யாரு?"

"நான்தான்."

அம்மா போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

எனக்கு அப்போது 27 வயது. ஷா ஆலாமில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு. கிள்ளானில் இரண்டு தோழிகளோடு வாடகை வீடு. பிடிபிடிஎன் கடனை மாதம் தவறாமல் கட்டுகிறேன், வீட்டுக்கும் காசு அனுப்புகிறேன். இதையெல்லாம் ஏன் இங்கே ஒப்பிக்கிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஓர் ஆண் தன் கணினியைப் பற்றி எழுதினால் பிராசசரில் தொடங்குவான். நான் கடன் பாக்கியில் தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் தெலுக் இந்தானிலிருந்து அரை மணி நேரம். அப்பா அங்கே ஒரு செம்பனை ஆலையில் சார்ஜ்மேன், அதாவது ஆலையின் மின்சாரம் முழுவதற்கும் பொறுப்பாள். 2008 வாக்கில் கடைத்தெருவில், முடிவெட்டும் கடைக்கு மேல்மாடியில் ஒரு சைபர் கஃபே திறந்தார்கள். கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். தம்பி பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவான். சாயங்காலம் அவனைக் கூட்டிவருவது என் வேலை. படியேறிக் கதவைத் திறந்தால் ஏர்கோன் குளிரும் சிகரெட் வாடையும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். நீல வெளிச்சத்தில் பையன்களின் பின்மண்டைகள் வரிசையாகத் தெரியும். நான் வாசலிலேயே நிற்பேன். "தம்பி, அம்மா கூப்பிடறாங்க." அவன் திரும்பாமலே, "அஞ்சு நிமிசம்" என்பான். அந்த ஐந்து நிமிடங்களுக்காகத்தான் நான் தினமும் அவனைக் கூட்டிவர ஒத்துக்கொண்டேன். கதவோரத்துத் திரை ஒன்று மட்டும் எனக்கு முழுதாகத் தெரியும். அதில் கவுன்டர் ஸ்டிரைக்கோ டோட்டாவோ ஓடிக்கொண்டிருக்கும். மணல் நிறத் தெருவில் ஒருவன் சுவரோரமாகப் பதுங்கிப் போவான். எனக்கும் அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும்.

ஒரே ஒரு தடவை அப்பாவிடம் கேட்டேன், நானும் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு வரவா என்று. மணிக்கு 2 வெள்ளி, என் உண்டியல் காசு. அவர் கோபப்படவில்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்னா வேலை?" என்றார். அவ்வளவுதான். இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை.

பிறகு அரசாங்கம் கொடுத்த 'ஒரே மலேசியா' நெட்புக் ஒன்று வீட்டுக்கு வந்தது. அதில் ஒரு கேமைத் திறந்து பார்த்தேன். கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு படமாக நகர்ந்தது. அதன் பிறகு பல வருடங்கள் மற்றவர்கள் விளையாடுவதை யூடியூப்பில் பார்ப்பதோடு சரி. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' முழுக்க அப்படித்தான் பார்த்து முடித்தேன். அமெரிக்க மேற்குப் பகுதி, 1899ஆம் வருடம், காலம் முடிந்துபோன ஒரு கொள்ளைக் கூட்டம். ஒரு பெரிய நாவலை வேறொருவர் கையில் வைத்து வாசிக்க, நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்த கதை. எனக்கு ஒரு வரியில் நிற்கத் தோன்றும்போது அவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். ஓர் ஏரிக்கரையில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும், குதிரை தலையைக் குனிந்து தண்ணீர் குடிக்கும். விளையாடுகிறவர் அதை உதைத்து ஓட்டிக்கொண்டு அடுத்த துப்பாக்கிச் சண்டைக்குப் போய்விடுவார். எனக்கு அந்த ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். 3,500 வெள்ளிக்கு நான் வைத்திருந்த காரணம் அது ஒன்றுதான். அம்மாவிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

கடையில் பூட்டித் தயாராக வைத்திருக்கும் கணினியை வாங்கியிருக்கலாம். தனித்தனியாக வாங்கி நாமே பூட்டினால் அதே காசுக்குக் கொஞ்சம் நல்லதாக வரும் என்றான் தம்பி. கணக்குப் பிரிவு ஆளிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? எக்செல் திறந்தேன். மூன்று வாரம் மூடவில்லை.

பாகங்களைத் தேர்வு செய்வது நம் ஊரில் பொருத்தம் பார்ப்பது போலத்தான். தனித்தனியாக எல்லாமே நல்ல இடமாகத் தெரியும். ஒன்றோடொன்று சேருமா என்பதுதான் கேள்வி. பிராசசரின் காலடி மதர்போர்டின் சாக்கெட்டில் உட்காரவேண்டும். மதர்போர்டு கேட்கும் தலைமுறையில்தான் ரேம் வாங்கமுடியும். கிராபிக்ஸ் கார்டின் நீளம் பெட்டிக்குள் அடங்கவேண்டும். இத்தனைக்கும் சோறு போட பவர் சப்ளையால் முடியவேண்டும். மதர்போர்டுக்குத் தமிழில் 'தாய்ப்பலகை' என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். எல்லாரும் அதில்தான் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள், ஆனால் கணினியைப் பற்றிப் பெருமை பேசும்போது யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை.

பிராசசர் முடிவாக அதிக நாள் பிடிக்கவில்லை. ரைசன் 5 5600, அல்லது இன்டெலின் ஐ5 12400எஃப். இரண்டுமே ஆறு கோர், இரண்டுமே 2022இல் வந்தவை, என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அந்த செப்டம்பரில்தான் ஏஎம்டி தன் புதிய சாக்கெட்டான ஏஎம்5ஐ இறக்கியிருந்தது. புதியதற்குப் போனால் மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் சேர்ந்தே பட்ஜெட்டைத் தின்றுவிடும். பழைய ஏஎம்4 முடிந்துபோகிற பாதைதான். ஆனால் முடிந்துபோகிற பாதையில் எல்லாம் மலிவாகக் கிடைக்கிறது. 5600 என்று எழுதி, பக்கத்தில் 620 என்று போட்டேன். பி550 மதர்போர்டு 430. 16 ஜிபி ரேம் 230. 1 டிபி எஸ்எஸ்டி 300. பழைய 24 அங்குலத் திரை 300.

மிச்சம் கிராபிக்ஸ் கார்டு. எல்லார் பட்ஜெட்டும் கவிழ்கிற இடம் இதுதான். 2021இல் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் உலகத்திலுள்ள கார்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். சில்லுத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 329 அமெரிக்க டாலர் என்று அறிவித்த ஆர்டிஎக்ஸ் 3060 அதுபோல இருமடங்கு விலைக்கு விற்றது. பிறகு 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. இனி தோண்டுவதற்குக் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. ஒரே வாரத்தில் அத்தனை கார்டுகளும் பழைய பொருளாகச் சந்தைக்கு வந்தன. எனக்கு அதில் ஒரு குரூரமான சந்தோஷம். யாரோ ஒருவரின் பணக்கனவு கவிழ்ந்ததால் என் ஏரிக்கரை பக்கத்தில் வந்தது.

பூச்சோங்கில் ஒருவர் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டை 1,250 வெள்ளிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். வரவேற்பறை மூலையில் இரும்புச் சட்டம், அதில் அதே கார்டு இன்னும் ஒன்பது. "கேம் மட்டும்தான் விளையாடினேன்" என்றார். ஒரே ஆள் பத்துக் கார்டில் கேம் விளையாடியிருக்கிறார்! தோண்டிய கார்டெல்லாம் கெட்டுப்போனது என்று சொல்லமாட்டேன். நல்லபடியாகக் காற்று விட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டியிருந்தால் பல வருடம் உழைக்கும். ஆனால் இராப்பகலாகச் சுற்றிய காற்றாடி, கொதித்துக்கொண்டே இருந்த மெமரி, காலாவதியான உத்தரவாதம் எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை. எனக்கு அப்போது அது எதுவும் தோன்றவில்லை. 3060 டிஐ என்ற பெயரே காதில் தேனாக ஒலித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து எக்செலில் ஏற்றினேன்.

கடைசி வரியில் கணினிப் பெட்டி, 189 வெள்ளி. பக்கவாட்டில் கண்ணாடி, முன்னால் மூன்று காற்றாடி, தைப்பூச ரதம்போல வண்ண விளக்கு. அதோடு 500 வாட் பவர் சப்ளை இலவசம். கூட்டினால் 3,319. கையில் 181 வெள்ளி மிச்சம். ஒரு கணக்கருக்கு இதைவிட அழகான காட்சி கிடையாது.

இரண்டு நாள் கழித்து அப்பா போன் செய்தார். அம்மா ஏவிவிட்டிருக்கவேண்டும்.

"என்னா என்னா வாங்கற? படி பாப்போம்."

படித்தேன். பிராசசர், ரேம், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் "ம்" போட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் "ம்" நின்றுவிட்டது.

"பவர் சப்ளை சும்மா கொடுக்கறானா?"

"ஆமாப்பா. 500 வாட்."

"எவன் சொன்னான் 500 வாட்னு?"

"பெட்டியில போட்டிருக்குப்பா."

"பெட்டியில என்னா வேணும்னாலும் போடுவான் பாப்பா. பக்கத்துல சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அத போட்டோ புடிச்சு அனுப்பு."

அப்பா ஏன் அந்தக் குரலில் பேசினார் என்பதற்கு ஆலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

செம்பனை ஆலைகள் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கின்றன. பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியில் டர்பைன் சுற்றும். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்துக்கும் அங்கிருந்துதான் கரண்டு. ஆலை ஓடாத நாட்களில் டீசல் ஜென்செட். அது சின்னது. சாதாரண நாளில் விளக்குக்கும் டிவிக்கும் காணும். தீபாவளிக்கு முந்தின ராத்திரிதான் ஆபத்து. ஆலை லீவு, வீட்டுக்கு வீடு விருந்தாளி, பலகாரம் சுட அவன், புதுச்சட்டைக்கு அயர்ன், வாசலில் சீரியல் பல்பு. எட்டு மணிக்கு விளக்குகள் மஞ்சளாகும், டிவிப் படம் சுருங்கும். அப்பா சட்டையைக்கூட மாட்டாமல் லயத்தில் ஓடுவார். "அயர்னை அணைங்க! ஒவ்வொருத்தரா போடுங்க!" யாரும் அணைக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அணைக்கட்டும் என்று எல்லாரும் காத்திருப்பார்கள். பட்டென்று எல்லாம் இருட்டாகும். பிறகு அப்பா விடியும்வரை ஜென்செட் கொட்டகையிலேயே உட்கார்ந்திருப்பார். பல தீபாவளிக்கு அவர் இல்லாமல்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம்.

"என்ஜின் நல்ல என்ஜின்தான்" என்பார். "எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா அது என்னா செய்யும்?"

அவர் கேட்ட ஸ்டிக்கரைக் கடைக்காரரிடம் வாங்கி அனுப்பினேன். அன்றிரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தினசரி நாள்காட்டியின் கிழித்த தாள், பின்பக்கம் பென்சில் எழுத்து. அப்பாவின் ஏழு, கோடு போட்ட ஏழு.

3.3 வோல்ட், 20 ஆம்பியர்: 66
5 வோல்ட், 20 ஆம்பியர்: 100
12 வோல்ட், 18 ஆம்பியர்: 216
மற்றவை: 16
மொத்தம்: 398

அதன் கீழே, இரண்டு கோடிட்டு: 500 எங்கே?

உடனே போனும் வந்தது. "வோல்ட்டை ஆம்பியரால பெருக்கினா வாட். ஸ்கூல்ல படிச்சல்ல? எல்லாத்தையும் கூட்டினாலும் நானூறத் தொடல. அத விடு. உன் சாமான் எந்த வோல்ட்ல ஓடுது?"

தேடிப் பார்த்தேன். இன்றைய கணினியில் பெரிய பசிக்காரர்கள் இரண்டு பேர், பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும். இரண்டு பேருக்கும் 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் சாப்பாடு. 5600 முழுவேகத்தில் 76 வாட் கேட்கும். 3060 டிஐ 200 வாட். மொத்தம் 276. என் இலவசப் பெட்டி 12 வோல்ட்டில் தருவதாக ஒப்புக்கொள்வது 216. மற்ற வரிசைகளில் இருக்கிற வாட்டை இங்கே திருப்பிவிட முடியாது. அது அடுத்த வீட்டுக்காரர் சட்டியில் இருக்கிற சோறு.

மூன்று வாரமாக நான் பார்த்த காணொளிகள் ஒன்றிலும் பவர் சப்ளைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஒதுக்கவில்லை. 'நல்லதாக வாங்குங்கள்' என்று சொல்லிவிட்டுக் கார்டுக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன். கண்ணாடி வழியாகத் தெரியும் பொருளுக்கெல்லாம் காசு ஒதுக்கிவிட்டு, அடியில் தகரத்துக்குள் மறைந்திருப்பதைச் சும்மா வாங்கிக்கொண்டேன். '80 பிளஸ்' என்ற முத்திரையைப் பற்றியும் அப்போதுதான் படித்தேன். வெண்கலத் தரம் என்றால், பாதிச் சுமையில் சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 85 விழுக்காடாவது கணினிக்குப் போய்ச் சேரும், மிச்சம் சூடாகும். அது சிக்கனத்துக்கான முத்திரைதான், உள்ளே நல்ல கெப்பாசிட்டர் இருக்கிறது என்பதற்கான சத்தியம் இல்லை. ஆனால் என் இலவசப் பெட்டியில் அந்த முத்திரைகூட இல்லை.

"இதப் போட்டா என்னாப்பா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம்" என்றார். "நீ லெட்டர் அடிக்கற வரைக்கும் நல்லாத்தான் ஓடும். நீ ஆசையா விளையாட உக்காருவல்ல, அப்ப அணைஞ்சிரும். சில பெட்டி தான் மட்டும் சாவும். சிலது கூட இருக்கறத எல்லாம் கூட்டிக்கிட்டுச் சாவும்."

பிறகு, நான் கேட்காமலே, "சனிக்கெழம பஸ் ஏறி வரேன். ஒண்ணா போவோம்" என்றார்.

பணி ஓய்வுக்குப் பிறகு அப்பா கோலாலம்பூருக்கு வந்ததே இல்லை. தோளில் பழைய பை, அதில் ஒரு மாற்றுச்சட்டை, அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு, மல்டிமீட்டர். கிள்ளானில் கொம்யூட்டர் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து மோனோரயில், இம்பியில் இறங்கி நடை. லோயாட் பிளாசாவுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். மேலே நிமிர்ந்து மாடி மாடியாகப் பார்த்தார். "இத்தன கடைக்கு எவ்வளவு லோடு இழுக்கும்" என்றார். வேறொருவர் 'அடேயப்பா' என்று சொல்லியிருப்பார்.

பவர் சப்ளையைப் பேச நாங்கள் நுழைந்த கடையில் இருந்த இளைஞர் மூன்று கேள்வி கேட்டார். மூன்றையும் அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். பட்ஜெட் எவ்வளவு, எந்த கேம், மகனுக்கா? நான் பதில் சொன்னேன். நாலாவது கேள்வியையும் அப்பாவிடமே கேட்டார். எனக்குப் பழகிவிட்டது. எந்தக் கடையிலும் இதுதான். அப்பா கையை நீட்டி என்னைக் காட்டி மலாயில் சொன்னார், "டியா யாங் பெலி." அவள்தான் வாங்குகிறாள். சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

அந்த இரண்டடியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். சரி, அது இருக்கட்டும்.

பவர் சப்ளை வரிசை வந்ததும் அவரால் சும்மா இருக்கமுடியவில்லை. மூன்று பெட்டிகளைக் கீழே இறக்கச்சொன்னார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஸ்டிக்கர்களைக் கண்ணருகில் பிடித்துப் படித்தார். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார், கோழி வாங்குவது மாதிரி. நல்ல பவர் சப்ளை கனமாக இருக்கும் என்பது பழைய நம்பிக்கை. முழுக்க நம்பமுடியாது, ஆனால் முழுக்கப் பொய்யும் இல்லை. கடைசியில் 550 வாட், வெண்கலத் தரம் ஒன்றைத் தேர்ந்தார். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர். 540 வாட். "இவன் உண்மை பேசறான்" என்றார். 239 வெள்ளி, ஐந்து வருட உத்தரவாதம்.

கடைக்காரர் சிரித்தார். அப்பா இன்ஜினியரா என்று என்னிடம் கேட்டார். இந்தத் தடவை என்னிடம்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "கீலாங் சாவிட்" என்றார். செம்பனை ஆலை.

239 வெள்ளி எங்கிருந்தாவது வரவேண்டுமே. தைப்பூச ரதம் போனது. அதற்குப் பதில் விளக்கே இல்லாத கறுப்புப் பெட்டி, 169. பூச்சோங் கார்டும் போனது. அதன் இடத்தில் புதிய ஆர்எக்ஸ் 6600, 1,150 வெள்ளி, 132 வாட். 3060 டிஐயோடு ஒப்பிட்டால் இது தெளிவாக ஒரு படி கீழே. அதை மறைக்க விரும்பவில்லை, இன்றைக்கும் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. 550 வாட் பெட்டியிலேயே அந்தக் கார்டும் அநேகமாக ஓடியிருக்கும். ஆனால் ஒன்பது உடன்பிறப்புகளோடு இரும்புச் சட்டத்தில் தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் ஸ்டிக்கர் பாடத்துக்குப் பிறகு, 'கேம் மட்டும்தான் விளையாடினேன்' என்ற வாக்கியத்துக்கு 1,250 வெள்ளி கொடுக்க மனம் வரவில்லை.

மொத்தம் 3,438. மிச்சம் 62. அதில் 45 வெள்ளிக்கு இடி தாங்கும் நீட்டிப்புப் பிளக் ஒன்றை அப்பா வாங்கவைத்தார். "அது இருக்குன்னு நம்பி உக்காந்திராத. இடி இடிச்சா பிளக்கைப் புடுங்கிரு." மிச்சமிருந்த 17 வெள்ளியில் இரண்டு பேரும் நாசி கண்டார் சாப்பிட்டோம்.

அன்றிரவே பூட்டினோம். தரையில் செய்தித்தாள் விரித்து நடுவில் மதர்போர்டு. தோழிகள் இருவரும் சோபாவில் முறுக்கோடு உட்கார்ந்து பார்வையாளர்களானார்கள். அப்பா கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டார். ஸ்குரூ டிரைவரை நீட்டினேன். வாங்கவில்லை. "நீ செய்." தொடங்குவதற்கு முன் ஜன்னல் கம்பியைத் தொடச் சொன்னார், உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் போகட்டும் என்று. வர்ணம் உதிர்ந்த இடமாகப் பார்த்துத் தொட்டேன்.

5600இன் அடியில் 1,331 ஊசிகள். ஏஎம்4 பிராசசர்களில் ஊசி பிராசசரிலேயே இருக்கும், ஒன்று வளைந்தாலும் கதை முடிந்தது. மூலையில் ஒரு தங்க முக்கோணம், சாக்கெட்டிலும் ஒன்று. இரண்டையும் ஒரே பக்கம் வைத்தால் அழுத்தவே வேண்டாம், தானாக உள்ளே இறங்கும். இறங்கியது. ரேமுக்கு அப்படி இல்லை, பயப்படாமல் அழுத்தவேண்டும். பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது இடம். சத்தம் கேட்கும்வரை. அந்தச் சத்தத்துக்கு மூன்று பேரும் முகத்தைச் சுளித்தார்கள். எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது பெட்டியின் பவர் பட்டனிலிருந்து வரும் வயர். அரிசியளவு முனை, வெள்ளெழுத்தில் அச்சடித்த பெயர். அதற்கு மட்டும் இருபது நிமிடம்.

பதினொன்றரைக்குப் பட்டனை அழுத்தினேன். காற்றாடி சுற்றியது. கிராபிக்ஸ் கார்டும் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

அணைத்தேன். போட்டேன். கறுப்பு. ரேமை எடுத்து மறுபடி சொருகினேன். கறுப்பு. ஒரு தோழி தூங்கப் போய்விட்டாள். 3,438 வெள்ளி, ஒன்றரைப் பவுன், கறுப்பு. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதைவிட, அப்பா முன்னால் அழக்கூடாது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. அவர் எதுவும் சொல்லாமல் மல்டிமீட்டரை எடுத்தார். உபரியாகத் தொங்கிய ஒரு இணைப்பில் ஊசியை வைத்தார். 12.1.

"கரண்டு சரியா வருது" என்றார். "அப்ப வேற எடத்துல பாரு. அவசரப்படாத. சாப்பாடு வருது, வாயிக்குப் போகல. எங்க நிக்குதுன்னு பாரு."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். திரையின் எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டிலிருந்த துளையில் மாட்டியிருந்தேன். 5600க்குள் கிராபிக்ஸ் கிடையாது. அந்தத் துளையிலிருந்து ஒருகாலமும் படம் வராது. இரண்டு அங்குலம் கீழே, கார்டிலிருக்கும் துளையில் மாற்றினேன். ஏஎம்டி பெயரோடு மதர்போர்டின் சின்னமும் திரையில் வந்து நின்றது.

விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது மணி ஒன்று. அப்பா தரையில் சம்மணமிட்டு, திறந்திருந்த பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகச் சுட்டிக் கேட்டார். இது என்னா, அது என்னா. நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்த மாடிக் கடையில இதான் வச்சிருந்தானா?"

எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. "இதேதாம்பா. இன்னும் பழசு" என்றேன்.

"ம்" என்றார். பெட்டியின் பக்கவாட்டு மூடியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் அவருக்குப் பஸ். கேம் 150 ஜிபி. எங்கள் வீட்டு இணையத்துக்கு அது பதினோரு மணி நேர வேலை. காலையில் தொடங்கியது அவர் கிளம்பும்போது பாதிகூட இறங்கவில்லை. நீலக்கோடு நகர்வதைப் பார்த்துவிட்டு, "குதிரை இன்னும் வரலையா?" என்றார். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் எல்லாம் சொன்னேன், குதிரை, ஏரி, நிற்பது எல்லாம். கேட்டுக்கொண்டே வந்தார். டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க விடவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கேம் திறந்தது. அது பனிப்புயலில் தொடங்கும். மலைமேல் இருட்டு, வண்டிகள், முழங்கால்வரை பனி. ஏரிக்கரைக்குப் போக இன்னும் பல மணி நேரம் விளையாடவேண்டும், எனக்குத் தெரியும். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் கைப்பேசியைத் திரைப்பக்கம் திருப்பினேன். குதிரையை நிறுத்தினேன். அது பனியில் நின்று மூச்சுவிட்டது, வெள்ளை ஆவியாக. யாரும் அதை உதைத்து ஓட்டவில்லை.

"ஏன் நிக்குது? கெட்டுப்போச்சா?" என்றார் அம்மா, பின்னாலிருந்து.

"அவதான் நிறுத்தியிருக்கா" என்றார் அப்பா. பிறகு, "பாப்பா, அந்தப் பெட்டி சூடாகுதா? பின்னால கைய வச்சுப் பாரு."

குனிந்து, மேசைக்கடியில் பவர் சப்ளையின் காற்று வெளியேறும் இடத்தில் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"இல்லப்பா. லேசாதான்."

"அப்ப ஓட்டு" என்றார்.